வீட்டில் செய்த சலவைத்தூள் பணத்தை மிச்சப்படுத்தாது

கடையில் லிட்டர் 200 ரூபாய்க்கு விற்கும் துணி துவைக்கும் திரவத்தை வீட்டிலேயே 30 ரூபாய்க்குச் செய்துவிடலாம் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. மகளிர் இதழ்களின் குறிப்புப் பக்கங்களில் வருகிறது, வாட்ஸ்அப் குழுக்களில் காணொளியாகச் சுற்றுகிறது, ஒரு நாள் பயிற்சி வகுப்புகளில் கற்றுத்தரப்படுகிறது. செய்முறைகள் என்னவோ நாலைந்துதான். துணி சோப்பைத் துருவிச் சலவை சோடாவோடு கலப்பார்கள். ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றுவார்கள். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். எலுமிச்சைத் தோலை வெல்லத்தோடு மூன்று மாதம் ஊறப்போட்டு ‘பயோ என்சைம்’ என்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் கெமிக்கல் கடையில் ஆசிட் சிலரியும் காஸ்டிக் சோடாவும் வாங்கிவந்து ‘சோப்பு ஆயில்’ கலக்குவார்கள்.

சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் குடும்பத்துக்கு நூறு ரூபாய் மிஞ்சினாலும் நல்லதுதானே என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் அந்த நூறு ரூபாய் மிஞ்சுவதில்லை. இந்தச் செய்முறைகள் காட்டும் லாபமெல்லாம், செய்கிற பெண்ணின் நேரத்தையும் துணியின் ஆயுளையும் அலசும் தண்ணீரையும் செலவாக எழுதாமல் விட்டதால் வந்த லாபம். எழுதிப் பார்த்தால் கணக்கு நட்டத்தில் முடிகிறது.

முதலில் ரூபாயை மட்டுமே பார்ப்போம். இந்தக் காணொளிகள் எதோடு எதை ஒப்பிடுகின்றன என்று கவனியுங்கள். வீட்டில் செய்ததன் மிகக் குறைந்த அடக்கவிலையை, கடையிலுள்ள மிக விலையுயர்ந்த திரவத்தோடு ஒப்பிடுகின்றன. சிக்கனம் தேடும் குடும்பம் அந்த 200 ரூபாய்ப் பாட்டிலை வாங்குவதே இல்லையே. அது வாங்குவது சாதாரணத் தூள். கிலோ 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 கிலோ ஆகிறது என்றால் செலவு 200 ரூபாய். வீட்டில் செய்தது அதில் பாதி விலைக்கு முடிந்தாலும் மாதம் மிஞ்சுவது 100 ரூபாய், நாளுக்கு மூன்றே கால் ரூபாய். கொதிக்கவைக்க எரிந்த கேஸ், துருவ, கிளற, ஆறவைக்க, வடிகட்ட, பாட்டிலில் அடைக்க, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவப் போன நேரம் எல்லாம் இந்த மூன்றே கால் ரூபாய்க்குள் அடங்க வேண்டும். பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்று ஆண்டு முடிவதற்குள் பழுப்பேறி, புதிது எடுக்க வேண்டி வந்தால் பல மாத மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

இனி துருவிய சோப்புக்கு வருவோம். இதுதான் எல்லாரும் செய்வது. அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் புழங்கும் செய்முறையிலிருந்து வந்தது இது. அங்கே சோப்புக் கட்டி, சலவை சோடா, வெங்காரம் மூன்றையும் கலப்பார்கள். இங்கே வெங்காரத்துக்குப் பதில் ஆப்ப சோடாவோ கல்லுப்போ சேர்கிறது. நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: நீங்கள் துருவும் கட்டி எது? நம் மளிகைக் கடைகளில் துணி சோப்பு என்று கிடைப்பதில் பெரும்பகுதி உண்மையில் சோப்பே கிடையாது. தூளில் இருக்கும் அதே செயற்கைச் சலவைப் பொருளை, சுண்ணாம்புக்கல் மாவு, வெள்ளைக் களிமண், சோடா ஆகியவற்றோடு பிசைந்து கட்டியாக்கியதுதான் அது. அந்த மாவு, கட்டிக்கு உருவம் கொடுக்கவும் விலையைக் குறைக்கவும் சேர்க்கப்படுவது. கையால் காலரில் தேய்க்கும்போது அதனால் கெடுதல் இல்லை, தேய்ப்புக்குக் கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் அதையே துருவிக் கரைத்து மெஷினில் ஊற்றினால் கரையாத கல்மாவு டிரம்முக்குள்ளும் துணியின் இழைக்குள்ளும் போய்த் தங்குகிறது. உறையில் அச்சிட வேண்டிய கிராம் விலையைப் பாருங்கள். சாதாரணக் கட்டியின் விலையும் சாதாரணத் தூளின் விலையும் பெரிதாக வேறுபடாது. சலவைத்தூளை வாங்கி, அதைக் கல்மாவோடு கரைத்து, சலவைத்தூள் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

இல்லை, நான் துருவுவது தேங்காய் எண்ணெயில் செய்த அசல் சோப்பு என்று ஒருவர் சொல்லலாம். அப்போது வருகிறது தண்ணீர்ப் பிரச்சினை. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை அடியோடு கவிழ்ப்பது இதுதான்.

பருப்பு வேகாத தண்ணீர் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான் கடின நீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர். போர் போட்டு எடுக்கும் ஊர்களில் பெரும்பாலும் இதுதான் குழாயில் வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. துவைக்கும் நீரை யாரும் அளப்பதே இல்லை. உங்கள் போர் தண்ணீரில் 400 என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளி ஒன்றில் 8 கிராம் கடினத்தன்மை இருக்கிறது. சோப்பின் இயல்பு என்னவென்றால், அது அழுக்கைத் தொடுவதற்கு முன் இந்தக் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாக மாறிவிடும். ஒரு கிராம் கடினத்தன்மை ஏறக்குறைய 6 கிராம் சோப்பை இப்படித் தின்றுவிடும். ஆக, அந்த ஒரு வாளித் தண்ணீர் 48 கிராம் சோப்பை விழுங்கிய பிறகுதான் நுரையே நிற்கும். 150 கிராம் கட்டியில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நூலைக்கூட வெளுக்காமல் போய்விட்டது.

போனது சும்மா போகவில்லை என்பது இன்னும் கெடுதல். அந்தப் படிவு மெழுகுத்தன்மை கொண்டது. துணியில் ஒட்டும். அலசும் தண்ணீரும் அதே போர் தண்ணீர் என்பதால், அலசும்போதும் மிச்ச சோப்பு திரிந்து படிகிறது. நாலைந்து சலவையில் வெள்ளைத் துணி சாம்பல் பூத்த நிறத்துக்கு வருகிறது. துண்டு தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. வியர்வையின் எண்ணெய்ப்பசை படிவுக்குள் சிக்கிக்கொள்வதால், காயும்போது மணக்காத சட்டை உடுத்தி ஒரு மணி நேரத்தில் முடைநாற்றம் அடிக்கிறது. மெஷினில் அதே படிவு ரப்பர் வளையத்தின் மடிப்பில் சேர்ந்து கறுப்பாகப் பூசணம் பிடிக்கிறது. மெக்கானிக் ஒரு முறை வந்துபோனால் எவ்வளவு கேட்பார் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சலவை சோடா சேர்த்தால் நீர் மென்மையாகிவிடுமே என்பார்கள். ஆகும், மறுக்கவில்லை. அந்தக் கால்சியத்தைச் சோடா சுண்ணாம்பு மாவாக்கி வீழ்த்துகிறது. சோப்பு பிழைக்கிறது, ஆனால் மாவு அந்த வாளிக்குள்ளேயேதான் இருக்கிறது. அது துணியில் படிந்து மொடமொடப்பாகிறது. சூடுபடுத்தும் மெஷினாக இருந்தால் ஹீட்டர் கம்பியில் படிகிறது. நல்ல சலவைத்தூள்களில் கால்சியத்தைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் பொருள்களும், அகன்ற அழுக்கு மறுபடி துணியில் ஒட்டாமல் தடுக்கும் பொருள்களும் இருப்பது இதற்காகத்தான். செயற்கைச் சலவைப் பொருள்கள் பிறந்த கதையிலும் இது இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மானிய வேதியியலாளர்கள் சோப்புக்கு மாற்றுத் தேடத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்தவை உலகமெங்கும் நிலைத்ததற்கு முக்கியமான காரணம், கடின நீரில் சோப்பைப்போல் அவை எளிதில் திரிந்துபோவதில்லை என்பது. நம்மைப் போன்ற போர் தண்ணீர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இது. அதைக் கைவிட்டுவிட்டுத் துருவலுக்குத் திரும்பச் சொல்வதை எப்படிச் சிக்கனம் என்பது?

யாரும் வீட்டில் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் பிடித்துவைத்த மழைத் தண்ணீர். இரண்டிலும் குளியல் சோப்பின் சிறு துண்டைப் போட்டுக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை நிற்கும், கீழே நீர் ஓரளவு தெளிவாக இருக்கும். போர் தண்ணீரில் பால் கலந்ததுபோல் வெண்மை திரளும். அந்த வெண்மைதான் உங்கள் சட்டையில் போய் உட்காருவது.

அடுத்ததாக எல்லா விவாதத்தையும் முடித்துவைக்க வரும் வாதம்: நம் பாட்டி காலத்தில் சலவைத்தூளா இருந்தது? இல்லைதான். ஆனால் அவர்கள் உடுத்திய வெள்ளை எப்படி வெளுத்தது என்பதை முழுக்கச் சொல்ல வேண்டும். உவர்மண் கரைசலில் துணியை முக்கி, பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் அடியில் தீ எரித்து ஆவியில் வேகவைத்தார்கள். அதுதான் வெள்ளாவி. விடிந்ததும் ஆற்றுக்கோ குளத்துக்கோ சுமந்துபோய், இடுப்பளவு நீரில் நின்று கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். பிறகு மணலில் விரித்து வெயிலில் காயவைத்தார்கள். இதைச் செய்தது பெரும்பாலும் பாட்டி இல்லை. ஊருக்கு ஊர் வண்ணார் குடும்பங்கள் செய்தன. அறுவடையில் கொஞ்சம் தானியமும் அந்தியில் வீட்டுக்கு வீடு எடுத்த சோறும் அவர்களுக்குக் கிடைத்த கூலி. நாம் பெருமையாக நினைவுகூரும் அந்த மல்லிகை வெள்ளை ஒரு சமூகத்தின் முதுகெலும்பில் வந்தது. அந்த உழைப்பையும் அதன்மேல் சுமத்தப்பட்ட இழிவையும் மறைத்துவிட்டு ‘இயற்கை முறை’ என்று மட்டும் பாராட்டுவது நியாயமில்லை.

சலவைத் தொழிலில் இதற்கு ஒரு பாடமே உண்டு. ஹென்கெல் நிறுவனத்து வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் வகுத்துச் சொன்னது. துணி வெளுப்பதற்கு நாலு காரணிகள்: ரசாயனம், சூடு, அடித்துக் கசக்கும் விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டியே ஆக வேண்டும். வெள்ளாவியில் ரசாயனம் வெறும் உவர்மண், அதனால் சூடும் விசையும் நேரமும் மலையளவு தேவைப்பட்டன. இன்று நம் வீட்டில் என்ன இருக்கிறது? குழாயில் வருவது பச்சைத் தண்ணீர். மெஷின் ஓடுவது முக்கால் மணி நேரம். அதன் சுழற்சி துணியை மெல்லப் புரட்டுவதோடு சரி. மீதி மூன்றும் ஏற்கெனவே குறைந்துவிட்ட நிலையில் ரசாயனத்தையும் குறைத்தால் அழுக்கு எங்கே போகும்? துணியிலேயேதான் இருக்கும். அப்படி இருக்கக் கண்டதும் வீட்டுப் பெண் கல்லில் வைத்துத் தேய்க்கத் தொடங்குகிறாள். சூடும் இல்லாமல் ரசாயனமும் இல்லாமல் போன இடத்தை அவள் தோள்பட்டை நிரப்புகிறது.

நிர்மா சலவைத்தூளைச் சொல்லி மடக்குபவர்களும் உண்டு. கர்சன்பாய் பட்டேல் 1969இல் அகமதாபாத்தில் வீட்டுப் பின்கட்டில்தானே தூள் கலந்தார், சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றுத்தானே பெரிய கம்பெனியை ஆட்டம் காணச் செய்தார் என்பார்கள். அந்த வரலாற்றின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது என் பக்கத்துச் சாட்சி. பட்டேல் வேதியியல் பட்டதாரி, குஜராத் அரசின் சுரங்கத் துறையில் ஆய்வகப் பணியில் இருந்தவர். அவர் கலந்தது துருவிய சோப்பையோ எலுமிச்சைத் தோலையோ இல்லை, அசல் செயற்கைச் சலவைப் பொருளை. 1959இல் இந்தியாவுக்கு வந்திருந்த சர்ஃப் கிலோ 13 ரூபாய் அளவில் விற்றபோது, அவர் சுமார் 3 ரூபாய்க்குக் கொடுத்தார். சர்ஃபை விற்ற அந்தப் பெரிய நிறுவனம் பல ஆண்டு கழித்து வீல் என்று ஒரு மலிவுத் தூளைக் கொண்டுவந்து போட்டியிட வேண்டியதாயிற்று. அந்தப் போட்டியின் பலனாகத்தான் ஏழை வீட்டுக்கு எட்டும் விலையில் தூள் கிடைக்கிறது. கழுத்தை நெரிக்கும் விலைக்கு விற்ற காலத்தில் மாற்றுத் தேடியதில் அர்த்தம் இருந்தது. அந்தப் போர் நடந்து முடிந்து நாம் ஜெயித்தும் ஆகிவிட்டது. ஆலை அளவில் டன் கணக்கில் மூலப்பொருள் வாங்குபவரின் அடக்கவிலையை, சில்லறையில் அரைக்கிலோ வாங்கும் வீடு எப்படித் தோற்கடிக்க முடியும்?

ஆப்ப சோடா, வினிகர் கலவையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒன்று காரம், ஒன்று அமிலம். கலந்ததும் பொங்குவது கரியமில வாயு. பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர், அதற்கு அழுக்கெடுக்கும் குணம் இல்லை. தனித்தனியே கொஞ்சமாவது பயன்பட்டிருக்கும் இரண்டு பொருள்களை ஒன்றுக்கொன்று மோதவிட்டு வீணாக்கும் செய்முறை இது. ‘பயோ என்சைம்’ என்ற பெயரும் ஆளை ஏமாற்றுகிறது. தோலும் வெல்லமும் புளித்து உண்டாவது முக்கியமாக அசிட்டிக் அமிலம், அதாவது நீர்த்த வினிகர். சலவையில் நொதிகளுக்கு உண்மையான வரலாறு உண்டு. 1913இலேயே ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானியர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று தூள்களில் சேர்ப்பது காரத்தன்மையிலும் வேலை செய்யும்படி நுண்ணுயிர்களைக் கொண்டு தனியே வளர்த்தெடுத்த நொதிகள். ரத்தம், பால், வியர்வைக் கறைக்கு ஒன்று, சோற்றுக் கஞ்சிக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று என்று வெவ்வேறு. புளித்த பழத்தோல் பானையில் அவை தாமாக வந்து சேர்வதில்லை. மஞ்சள் கறையையும் சொல்லிவிடுகிறேன். சாம்பார் சிந்திய இடத்தில் சோடா பட்டதும் சிவக்கிறது, எலுமிச்சை பட்டதும் பழைய மஞ்சளாகிறது. கறை போகத் தொடங்கிவிட்டது என்று அதைக் காட்டுபவர்கள் உண்டு. மஞ்சளின் நிறமி காரத்தில் சிவப்பாகவும் அமிலத்தில் மஞ்சளாகவும் மாறுகிறது, அவ்வளவே. அதை உண்மையில் மங்கச் செய்வது வெயில். நல்ல வெயிலில் ஈரத்தோடு விரித்துப் போடுங்கள், செலவே இல்லை.

பூந்திக்கொட்டை வேறு வகை. அதற்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும். பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் தங்க நகைக்கும் அது நல்ல பொருள். பட்டும் கம்பளியும் புரத இழைகள், காரம் பட்டால் கெடும். பூந்திக்கொட்டைச் சாற்றில் காரம் இல்லை. எந்தப் பாட்டி அதைப் பட்டுக்கென்று ஒதுக்கிவைத்தாளோ அவள் விஷயம் தெரிந்தவள். அதையே எடுத்து மெக்கானிக் கடைக்குப் போய்வந்த காக்கிச் சட்டைக்கும் குழந்தையின் மூத்திரத் துணிக்கும் போதும் என்று சொல்வதில்தான் தவறு. அதிலுள்ள சபோனின் என்ற பொருள் நுரைக்கும், ஆனால் அழுக்கை இழுத்துப் பிடிக்கும் வலு குறைவு. கொதிக்கவைத்த சாறு சில நாளில் புளித்து நாறத் தொடங்கும். வாரந்தோறும் புதிதாகக் காய்ச்ச வேண்டும், ஒவ்வொரு முறையும் கேஸ் எரியும். இயற்கையானது என்பதால் நீர்நிலைக்குத் தீங்கே செய்யாது என்ற நம்பிக்கையும் சரியில்லை. சபோனின் மீனுக்கு நஞ்சு. உலகின் பல பகுதிகளில் பழங்குடி மக்கள் சபோனின் உள்ள காயையும் வேரையும் நசுக்கி ஓடையில் கரைத்து மீனை மயக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

ரசாயனமே இல்லாத சலவை என்ற சொல்லாடலையும் இதோடு விட்டுவிட வேண்டும். சலவை சோடா தூத்துக்குடியிலும் குஜராத்திலும் ஆலைகளில் செய்யப்படுகிறது. சலவைத்தூள் கம்பெனி வாங்குவதும் வீட்டுச் செய்முறைக்காரர் வாங்குவதும் ஒரே சோடா. வித்தியாசம், கம்பெனிக்காரர் எதில் எவ்வளவு என்று அளந்து கலக்கிறார், வீட்டில் கண்ணளவில் கலக்கிறோம்.

இந்த அறிவுரைகள் யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றன என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. எந்தக் காணொளியும் வீட்டு ஆணைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை சோப்பைத் துருவு என்று சொல்வதில்லை. காலையில் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய்வந்து, இரவு பாத்திரம் தேய்க்கும் பெண்ணைப் பார்த்துத்தான் இதையும் செய் என்கிறார்கள். அவள் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால்தான் 30 ரூபாய்க் கணக்கு நிற்கும். இதற்குப் போகும் இரண்டு மணி நேரத்தில் அவள் ஒரு ஜாக்கெட் தைத்தால் அதற்குக் கூலி உண்டு. படுத்து உறங்கினால் அதுவும் அவளுக்குத் தேவையானதே. தண்ணீரையும் இப்படித்தான் கணக்கில் விடுகிறார்கள். நுரை அடங்காத சோப்பு ஆயிலுக்கும் படிவு போகாத துருவலுக்கும் இரண்டு அலசல் கூடுதலாக வேண்டும். 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்துநின்ற நினைவு இன்னும் இருக்கிறது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் கூடுதல் அலசல் என்பது நேரடியாகப் பணம்.

சலவையில் மிச்சம் பிடிக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் தேவைக்கு மேல் தூள் போடுகிறோம். நுரை பொங்கினால்தான் திருப்தி. தூள் பாக்கெட்டில் அச்சிட்ட அளவைக் கரண்டியால் அளந்து போட்டாலே மாதச் செலவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். விளம்பரத்தையும் வாசனையையும் பார்க்காமல் கிராம் விலையைப் பார்த்து வாங்குங்கள். காலர், கைமுனையை மட்டும் ஈரமாக்கிக் கட்டி சோப்பைத் தேய்த்து அரைமணி ஊறவிடுங்கள். மெஷினை அரைகுறையாக ஓட்டாமல் முழுதாக நிரம்பிய பிறகு ஓட்டுங்கள். மழை பெய்யும் மாதங்களில் மாடித் தண்ணீரைப் பிடித்து அதில் துவையுங்கள். மென்னீரில் பாதித் தூளே போதும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போதும், தனித் திரவம் எதுவும் வேண்டியதில்லை. இவற்றில் எதற்கும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

கடைசியாகச் சோப்பு ஆயில். மகளிர் குழுக்கள் முறையாகப் பயின்று, அளவு பார்த்துச் செய்து, பெயரும் எச்சரிக்கையும் ஒட்டி விற்றுப் பிழைப்பதை நான் குறை சொல்லவில்லை. அது தொழில், அதற்கு வருமானம் வருகிறது. தன் வீட்டுத் துணிக்காக ஒவ்வொரு வீடும் இதைக் கலக்க வேண்டும் என்பதைத்தான் எதிர்க்கிறேன். பணக் கணக்கே தேறாது. சோப்பு ஆயிலுக்கு வாங்கும் எஸ்எல்இஎஸ் என்ற பசை ஒரு கிலோவில் சலவைப் பொருள் 70 சதம். அதை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் மிஞ்சுவது நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. பிறகு உப்பைப் போட்டுக் கெட்டியாக்குகிறோம், நிறமும் வாசனையும் சேர்க்கிறோம். கெட்டியாக இருப்பதால் வீரியம் அதிகம் என்று தோன்றும். அந்தக் கெட்டி, உப்பு செய்த வேலை. மூடியளவு போதும் என்ற இடத்தில் அரை டம்ளர் ஊற்றுகிறோம்.

பணம் போனால் போகட்டும். ஆசிட் சிலரி தோலை அரிக்கும் கடும் அமிலம். அதைச் சமன்செய்யப் போடும் காஸ்டிக் சோடா அதைவிடக் கொடியது. நீர் பட்டதும் கொதிக்குமளவு சூடேறும். அதன்மேல் நீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணில் படும். கண்ணின் கருவிழியைக் காரம் கரைத்துக்கொண்டு உள்ளே போகும், பார்வை திரும்பாமலே போகலாம். அலுமினியச் சட்டியில் கரைத்தால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் பற்றிக்கொள்ளும். நம் சமையலறைகளில் அலுமினியச் சட்டிக்குப் பஞ்சமில்லை. கண்ணாடியோ கையுறையோ இல்லாமல், பிள்ளைகள் சுற்றி நிற்க, அடுப்பு மேடையில் இதைக் கலக்கிக் காட்டுவதை நான் பொறுப்பற்ற செயல் என்றே சொல்வேன்.

மிச்சக் காஸ்டிக் கரைசல் எங்கே போகிறது? காலி தண்ணீர் பாட்டிலில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில். தண்ணீரைப் போலவே நிறமற்றது. நூறாண்டுக்கு முன் அமெரிக்க வீடுகளில் இதே காஸ்டிக், சோப்பு காய்ச்சவும் சாக்கடைக் குழாய் அடைப்பை நீக்கவும் சமையலறை அலமாரியில் இருந்தது. அதை விழுங்கி உணவுக்குழாய் வெந்து சுருங்கிப்போன குழந்தைகளை ஃபிலடெல்ஃபியாவின் தொண்டை மருத்துவர் செவாலியே ஜாக்சன் தொடர்ந்து பார்த்தார். தண்ணீர்கூட இறங்காமல் தவித்த பிள்ளைகள். ‘நஞ்சு’ என்று அச்சிடாமல் இதை விற்கக் கூடாது என்று பல ஆண்டு போராடினார். 1927இல் அமெரிக்காவில் காஸ்டிக் நச்சுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கடைக்காரர் விற்கும் டப்பாவில் பெயர் ஒட்டச் செய்தது. நாம் வீட்டில் கலந்து, பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி, குளியலறை மூலையில் வைக்கும்போது எந்தச் சட்டமும் வந்து பெயர் ஒட்டப்போவதில்லை.

எனவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. துணி துவைக்க என்று காஸ்டிக்கும் ஆசிட் சிலரியும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே இருந்தால், குடிக்கும் பாட்டிலில் ஒரு நாளும் வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது விடாமல் கழுவி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது மறுபடி சுடும். வாயைக் கழுவிவிட்டு, அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.